வாசகர் கேள்விகள்: நூறு ரூபாயில் 64 காசு

கேள்வி: ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமே பணம் பத்தாத நாட்டில், ஆராய்ச்சிக்கு இன்னும் ஒதுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அதனால் எங்களுக்கு என்ன கிடைத்தது?
– வாசகி, சத்தியமங்கலம்

பதில்: உங்கள் ஊர்க் கரும்பையே பாருங்களம்மா. கோ 86032 என்ற ரகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 'கோ' கோயம்புத்தூரைக் குறிப்பது. அங்கே அரசு கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தோம். பஞ்சாபின் குளிரில் நல்ல கரும்பு தேறவில்லை. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்பை ஆற்றங்கரை நாணலோடு சேர்த்தார்கள். மாடு மேய்ந்துவிட்டுப் போகும் அதே நாணல்தான்! அதிலிருந்து வந்த கோ 205, 1918இல் பஞ்சாப் வயலுக்குப் போனது.

நானும் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் 31 வருடம் வயல் உதவியாளராக இருந்தேன். பூத்த கரும்பின் கதிரை உதிர்த்தால் கையில் பஞ்சு போல ஒட்டும். அதற்குள் இருக்கும் விதை, கேழ்வரகைவிடச் சிறியது. தட்டில் தூவி முளைக்கவைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளை நட்டு, வருடா வருடம் கழித்துக்கொண்டே வருவோம். ஒன்று தேறி ரகமாக 12, 15 வருடம் ஆகிவிடும்.

ஒரு கோடையில் எங்கள் தண்ணீர் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டுவதற்கான பணத்துக்கு அனுமதி வர இரண்டு மாதம் ஆனது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். ஆறு வருடமாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த வரிசைகளில் பாதிக்குமேல் கருகிப்போயின. அடுத்த வருடம் பணம் வந்தது, மோட்டாரும் ஓடியது. போன ஆறு வருடத்தை யார் கொடுப்பார்கள்? அதனால்தான் ஆராய்ச்சிப் பணம் போதுமான அளவு வர வேண்டும், தவறாமலும் வர வேண்டும் என்கிறேன்.

நாடு 100 ரூபாய் சம்பாதித்தால் ஆராய்ச்சிக்குப் போடுவது சுமார் 64 காசு. சீனா இரண்டரை ரூபாய் போடுகிறது, தென்கொரியா ஐந்து ரூபாய்க்குப் பக்கத்தில். 2 ரூபாய் வேண்டும் என்று நம் மத்திய அரசே 2013 அறிவியல் கொள்கையில் எழுதிவைத்தது. எழுதியதைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி: கொரியாவில் பெரும்பகுதிப் பணம் போடுவது கம்பெனிகள்தானே? இங்கேயும் அவர்களே செய்யட்டுமே?
– வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: உண்மைதான். மருந்து, கார், செல்போன் கம்பெனிகள் இங்கேயும் இன்னும் நிறையப் போட வேண்டும். ஆனால் நீங்கள் கரும்புச் சீமைக்காரர், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: கரும்பை நடுவது கரணையில், அதாவது தண்டுத் துண்டில். ஒருமுறை நல்ல ரகம் கைக்கு வந்தால் அடுத்த நடவுக்கு நம் வயலிலேயே வெட்டிக்கொள்வோம். பங்காளி கேட்டால் ஒரு கட்டு கொடுத்தனுப்புவோம். வருடா வருடம் விதை விற்க முடியாத பயிருக்கு எந்தக் கம்பெனி 15 வருடம் காத்திருக்கும்?

நோயும் காத்திருப்பதில்லை. 2009இல் வெளிவந்த கோ 0238, உத்தரப்பிரதேசத்தில் விளைச்சலையும் சர்க்கரைக் கட்டுமானத்தையும் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) உயர்த்தியது. எல்லோரும் அதையே நட்டார்கள். சில வருடங்களில் செவ்வழுகல் என்ற கரும்பு நோய் அதற்கும் பழகி, வயல் வயலாகப் பரவியது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவப்பும் நடுநடுவே வெள்ளைத் திட்டும், புளித்த சாராய நாற்றமும். அப்போது நட மாற்று ரகம் கையில் இருக்க வேண்டுமானால், நோய் வருவதற்குப் பத்து வருடம் முன்பே யாராவது நாற்றுக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும்.

தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் தடுப்பணை கேட்கிறோம், கொள்முதல் விலை கேட்கிறோம். உங்கள் ஊருக்கு வரும் எம்.பி. வேட்பாளரிடம் அந்த 2 ரூபாயையும் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.