மனாஸில் குட்டைக் கெய்மனைத் தேடுவது எப்படி?

கேள்வி: வேலை விஷயமாக பிரேசிலின் மனாஸ் நகருக்குப் போகிறேன். இரவுப் படகில் போனால், முதலைக் குடும்பத்தைச் சேர்ந்த கெய்மன்களில் சிறியதான குட்டைக் கெய்மனைப் பார்க்க முடியுமா? வேறு கெய்மனின் குட்டியைக் காட்டி இதுதான் அது என்று சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பார்க்கலாம், ஆனால் ஆற்றின் நடுவில் தேடிப் பயனில்லை. அங்கே டார்ச் வெளிச்சத்தில் சிவப்பாக மின்னும் கண்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கெய்மனுடையவை, இல்லாவிட்டால் கருங்கெய்மனுடையவை.

நீளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். குட்டைக் கெய்மனில் வளர்ந்த ஆணே சுமார் ஒன்றரை மீட்டர்தான். கண்ணாடிக் கெய்மனின் இளசும் அந்த அளவு இருக்கும். முகத்தைப் பாருங்கள். கண்ணாடிக் கெய்மனுக்கு இரு கண்களுக்கும் முன்னால், மூக்குக்கண்ணாடியின் பாலம் போல எலும்பு மேடு ஒன்று குறுக்கே ஓடும். குட்டைக் கெய்மனுக்கு அது கிடையாது. கண்ணும் பழுப்பு நிறம். வயிற்றுத் தோலில்கூட எலும்புத் தகடுகள் நிறைந்திருப்பதால் தோல் வியாபாரிகள் இதை அதிகம் சீண்டவில்லை.

இதில் இரண்டு இனங்கள் உண்டு. குவியே கெய்மன் பெரிய ஆறு, ஏரிகளை ஒட்டி வெள்ளம் ஏறும் காடுகளில் இருக்கும். ஷ்னைடர் கெய்மனோ மேட்டுக்காட்டின் ஒடுங்கிய ஓடைகளில், பகலெல்லாம் பொந்திலோ விழுந்த மரத்தடியிலோ பதுங்கியிருக்கும். எனக்கு இதுதான் பெரிய அதிசயம். வெயிலே விழாத காட்டில் முட்டை எப்படிச் சூடாகும்? பெண் கெய்மன் பல நேரம் கறையான் புற்றை ஒட்டி இலைதழையைக் குவித்து முட்டையிடுகிறது. கறையான்களின் உடல் வெப்பம் கூட்டைக் கதகதப்பாக வைக்கிறது. மனாஸ் அருகே ஆராய்ந்து 1985-இல் வில்லியம் மேக்னசன் குழுவினர் இதை வெளியிட்டார்கள். பொரிய 100 நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் கறையான்கள் முட்டைகளைச் சுற்றியும் மண் பூசி இறுக்கிவிடுவதுண்டு. அப்போது தாய் வந்து தோண்டினால்தான் குஞ்சு வெளியே வரும்.

ஆகவே காட்டு ஓடைக்கு நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டியைக் கேளுங்கள். நகரை ஒட்டியே 100 சதுர கிலோமீட்டரில் டூக்கே வனக் காப்பகம் இருக்கிறது; அதன் ஓடைகளில் ஷ்னைடர் கெய்மன் வாழ்கிறது. படம் எடுக்கக் குட்டியைப் பிடித்து நீட்டினால் வாங்காதீர்கள். ஓடைக்கரையில் புற்றோடு ஒட்டிய இலைக்குவியல் கண்ணில் பட்டால் கிட்டே போகாமல் விலகி நடங்கள். தாய் பக்கத்திலேயே இருக்கலாம்.