ஸ்கூட்டியில் விழுந்ததில் முன்பல் ஆடுகிறது. பல் போய்விடுமா?

வேளச்சேரியில் ஸ்பீடு பிரேக்கரில் ஸ்கூட்டி சறுக்கி வாய் தரையில் அடித்தது, உதடு வீங்கியிருக்கிறது, மேல் முன்பல் இரண்டும் லேசாக ஆடுகின்றன, ஒன்றில் மெல்லிய கோடு தெரிகிறது, இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும்போதும் நாக்கால் அந்தப் பல்லைத் தள்ளிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள்.

ஆடுகிற பல் எல்லாம் விழுந்துவிடாது. வேரை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் நார்கள் அடிபட்டு நசுங்கிப் போவதால் வரும் ஆட்டம் அது. லேசாக இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறுகிவிடும். அதிகம் ஆடினால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒட்டி இரண்டு வாரம் வைப்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் தெரியும் கோடு எனாமலில் மட்டும் விட்ட விரிசலாக இருந்தால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும். ஆனால் வேர் முறிந்திருந்தால் வெளியில் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதனால் இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று யோசிக்காமல் நாளைக் காலையே பல் டாக்டரிடம் போய்விடுங்கள். பல்லைக் கடிக்கும்போது முன்புபோல் பொருந்தாமல் ஏதாவது ஒன்று முந்திக்கொண்டு இடித்தாலோ, வாயை முழுசாகத் திறக்க முடியாவிட்டாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். பல் நகர்ந்திருக்கலாம், தாடை எலும்பில் அடி இருக்கலாம். ரோட்டில் உரசிய காயம் என்பதால் டி.டி. (ரண ஜன்னி தடுப்பு) ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு மேல் உதடு கூசியது.

கல்யாணமான புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டில் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். மெட்ரோ தண்ணீர் விடிகாலையில் வரும், அடி பம்பில் அடித்துத்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பம்பில் வாஷர் தேய்ந்து போய், ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றினால்தான் பிடிக்கும். பிடித்தாலும் நாலு அடிக்கு ஒருமுறை விட்டுவிடும். வாஷர் மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. ஒரு நாள் குடம் முக்கால் நிறைந்திருக்கும், ஈரக் கையிலிருந்து கைப்பிடி நழுவி மேலே எகிறி நேராக வாயில் அடித்தது. இரும்புக் கைப்பிடி. குடத்துத் தண்ணீரில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்து மாமியார்தான் முதலில் கத்தினார். எனக்குச் சத்தமே வரவில்லை.

முன்பல் இரண்டிலும் அடி. இடதுபல் நன்றாக ஆடியது, ஈறு ஓரமாக ரத்தம் கசிந்தது. வலதுபல் அசையவே இல்லை. வீட்டில் எல்லோரும் இடதுபல்லைப் பார்த்துத்தான் துக்கம் விசாரித்தார்கள். பக்கத்துப் போர்ஷன் அக்கா கிராம்புத் தைலத்தோடு வந்துவிட்டார். கிழிந்த உதட்டில் அதை வைத்தால் புண்ணாகிவிடும், தயவுசெய்து நீங்களும் வைக்காதீர்கள். வெளியில் ஐஸ் ஒத்தடம் போதும்.

அன்று பார்த்த பல் டாக்டர் ஒரு காரியம் செய்தார், அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்தார். ஓரத்துப் பற்கள் சுள்ளென்று கூசின, அடிபட்ட இரண்டிலும் ஒன்றுமே தெரியவில்லை. “பல் செத்துடுச்சா டாக்டர்?” என்று கேட்டேன். “இப்பவே சொல்ல முடியாதும்மா. அடிபட்ட பல் மூணு மாசம் வரைக்கும்கூட பதில் சொல்லாம இருக்கும், அப்புறம் தேறிடும். இன்னிக்கு இதை வச்சு வேர் சிகிச்சை பண்ணினா தப்பு” என்றார். இரண்டு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எப்போதெல்லாம் வர வேண்டும் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

வலி போன பிறகு அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வீட்டில் ஒரே முணுமுணுப்பு. வலிக்காத பல்லுக்கு எதற்கு டாக்டர், எதற்குத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே என்று. நான் பிடிவாதமாகப் போனேன். ஆட்டம் போட்ட இடதுபல் கெட்டியாகிக் குளிர்ச்சிக்கும் கூச ஆரம்பித்தது, இன்றுவரை சொந்தப் பல்லாக இருக்கிறது. அசையாமல் நின்ற வலதுபல்தான் உள்ளே செத்துப்போனது. நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, கண்ணாடியில் எனக்கே சந்தேகமாகத்தான் தெரிந்தது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருப்பாக ஒரு நிழல். வலி துளிகூட இல்லை. அப்போதே வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனல், செய்ததால் பல் நின்றது. பிறகு உள்பக்கமாகவே மருந்து வைத்து வெளுக்க வைத்தார்கள், பல்லுக்கு மேலே மாட்டும் கேப்புக்குக்கூட வேலை இல்லாமல் போயிற்று. விட்டிருந்தால் ஒரு நாள் சீழ் வைத்து முகம் வீங்கித்தான் தெரிந்திருக்கும். அதனால் ஆடுகிற பல்லோடு ஆடாத பல்லின்மேலும் ஒரு கண் வையுங்கள் என்பேன். உங்களுக்கு இரண்டுமே ஆடுகிறது என்கிறீர்கள், அப்படியானால் அவற்றுக்குப் பக்கத்துப் பற்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நிறம் மாறுவது தினமும் பார்க்கிற நமக்குத் தெரியாது. மாறினாலும் உடனே பதற வேண்டாம், சிலருக்கு அது தானே தெளிவதும் உண்டு. டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த வீட்டுக்காரர் கடைசிவரை வாஷர் மாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்களே எல்லிஸ் ரோடு பக்கம் வாங்கிப் போட்டோம். சப் மீட்டர் வைத்து கரண்டுக்கு யூனிட் 8 ரூபாய் வசூலித்த மனிதர் அவர். காலி செய்தபோது பெயிண்ட் அடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து வந்தவர்களைப் போய்ப் பார்த்தேன், சுவரில் நான் அடித்த ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன! சென்னையில் வாடகைக்கு இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதுபோல் ஒரு கதை சொல்வார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் என் பல்லுக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை, கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். ‘கூகுள் டாக்டர் வந்துட்டாங்க’ என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: மேலே உள்ளது எனக்கு நடந்ததும், என் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான். விளம்பரம் என்பவர்களுக்கு: எந்த கிளினிக் பெயரும் சொல்லவில்லை. காசுதான் யோசனை என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953-ல் ஆரம்பித்தது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள், கூட்டம் இருக்கும்.

வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று. நிலைத்த பல் முழுசாகக் கழன்று விழுந்துவிட்டால் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்து ஒரு துணியைக் கடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஆவின் பாக்கெட்டைக் கிழித்து அந்தப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள், ஒரு மணி நேரம் தாண்டாமல். தண்ணீரில் போடக் கூடாது. குழந்தைகளின் பால் பல்லைத் திரும்ப வைக்கவும் கூடாது.

கேள்வியின் கடைசி வரியில் ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கல்யாணம், பிரியாணி சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாரத்துக்கு இட்லி, குழைந்த தயிர் சாதம் என்று மெத்தென்று போவதுதான் நல்லது. மனசு கேட்காவிட்டால் சோற்றை மட்டும் தயிர்ப் பச்சடி விட்டுப் பிசைந்து, கடைவாய்ப் பல்லால் மெல்லுங்கள். நல்லி எலும்பைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுங்கள், மச்சினன் கோபித்துக்கொள்ள மாட்டார்.