பார்க்காத நோயாளி

கேள்வி: ஒரு நடிகர் விவாகரத்தை அறிவித்தால் போதும், அன்று ராத்திரியே டி.வி.யில் ஒரு மனநல மருத்துவர் வந்து ‘அவருக்கு இன்ன கோளாறு’ என்கிறார். தன்னிடம் சிகிச்சைக்கே வராதவரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: கூடாது. ஜோசியர்கூடப் பிறந்த நேரம் கேட்டுவிட்டுத்தான் பலன் சொல்கிறார்.

இந்தக் கூத்தை அமெரிக்கா 1964-லேயே பார்த்துவிட்டது. அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். ‘இவர் அதிபராக இருக்க மனரீதியாகத் தகுதியானவரா?’ என்று ‘ஃபேக்ட்’ பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அதில் 1,189 பேர் ‘தகுதியில்லை’ என்றார்கள். சிலர் ஒரு படி மேலே போய் நோயின் பெயரையே எழுதிவிட்டார்கள். பேச்சையும் பேப்பரையும் பார்த்தே இவ்வளவும்!

தேர்தலில் தோற்ற கோல்ட்வாட்டர் அவதூறு வழக்கில் ஜெயித்தார். 75,000 டாலர் தண்டம் விழுந்தது டாக்டர்கள் தலையில் அல்ல. பத்திரிகைக்கும் அதன் ஆசிரியர் ரால்ஃப் கின்ஸ்பர்குக்கும். (தூண்டில் போட்டவர் என் தொழில்காரர் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.) அப்புறம் 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் விதி போட்டது: ஒருவரை நேரில் பரிசோதிக்காமல், அவர் அனுமதியும் பெறாமல், அவருடைய மனநிலை பற்றிப் பொதுவில் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது. நோயைப் பற்றிப் பொதுவாக எவ்வளவு வேண்டுமானாலும் விளக்கலாம்.

எனக்குப் பிடித்தவர்கள், ‘ஃபேக்ட்’ பத்திரிகைக்குப் பதில் எழுதியவர்களில் இன்னொரு 571 பேர். ‘பதில் சொல்லுமளவுக்கு அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியாது’ என்று எழுதியவர்கள். இன்றைக்கு அப்படிச் சொன்னால் எந்த சேனலும் மறுபடி கூப்பிடாது.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்கிறது. நீங்கள் சொல்லும் நடிகர் யாரிடமும் சிகிச்சைக்கே போகவில்லை என்றால், இந்தப் பிரிவு அவருக்கு உதவாது. டாக்டருக்கு வசதி!

நஷ்டம் நடிகருக்கு மட்டுமில்லை. ‘நாளைக்காவது ஒரு டாக்டரைப் பார்ப்போம்’ என்று தயங்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பின் தெரியாத ஆளையே ஊரறிய இப்படி அலசுகிறவரிடம் தன் வீட்டு விஷயத்தைச் சொல்ல அவருக்கு மனசு வருமா?

அப்புறம் ஒன்று. இந்தப் பத்திரிகையிலும் அப்படிப்பட்ட ‘நிபுணர் கருத்து’ வந்திருந்தால் இதழ் தேதியோடு எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.