பக்ஸ்டெஹூடவின் 'மெம்ப்ரா யேசு நோஸ்ட்ரி'யை ஐந்தே பாடகர்களை வைத்துப் பாட முடியுமா?

தாராளமாக. பெரிய கொயரைவிட அதுதான் பொருந்தும். சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாதத்தில் தொடங்கி முகத்தில் முடியும் ஏழு கான்டாட்டாக்கள் (கருவிகளோடு பாடும் பல பகுதிப் பாடல்கள்) இவை. ல்யூபெக்கில் ஆர்கன் வாசித்துவந்த பக்ஸ்டெஹூட 1680-இல் எழுதி, ஸ்டாக்ஹோமின் அரசவை இசைக்கலைஞர் குஸ்தாவ் டியூபனுக்கு அர்ப்பணித்தார். மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

தேவை: மேலிருந்து கீழாக 2 சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் குரல்கள்; கருவிகளில் 2 வயலின், வயலோன் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக்கருவி), சிறிய ஆர்கன். ஐந்தாவதில் ஆல்டோ, டெனர், பாஸ் மட்டும். ஆறாவதில் சொப்ரானோக்களும் பாஸும் மட்டும். மற்றவற்றை 40 பேர் பாடிவிட்டு இங்கே மூவர் நின்றால், பாட்டு திடீரென்று மெலிந்துபோனதாகத் தோன்றும்.

இதயத்தைப் பற்றிய ஆறாவதுக்கு 5 வயோலா ட காம்பா (கால்களுக்கிடையே பிடித்து வில்லால் வாசிக்கும் பழைய தந்திக்கருவி) வேண்டும். ஐந்து பேர் கிடைப்பது கஷ்டம்தான். வியோலா, செல்லோ வைத்து ஒப்பேற்றலாம், மேல் வரிகளை மட்டும் வயலினுக்குக் கொடுக்காதீர்கள். அதுவரை கேட்ட நிறமே தொடர்ந்தால் 'இதயம்' தனித்துத் தெரியாது.

பெரும்பாலும் கவிழ்வது ஆர்கன் சுருதியில். முதலாவதும் ஏழாவதும் சி மைனர், இரண்டாவது ஈ-ஃபிளாட் மேஜர்: ஏ-ஃபிளாட், ஈ-ஃபிளாட் வேண்டும். ஐந்தாவது ஏ மைனருக்கு ஜி-ஷார்ப், ஆறாவது ஈ மைனருக்கு டி-ஷார்ப். ஏ-ஃபிளாட்டுக்கும் ஜி-ஷார்ப்புக்கும் ஒரே கட்டைதான், ஈ-ஃபிளாட்டுக்கும் டி-ஷார்ப்புக்கும் அப்படியே. கால்-காமா மீன்டோன் என்ற பழைய சுருதி முறையில் ஒரு கட்டை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏ-ஃபிளாட் கேட்கும் இடத்தில் ஜி-ஷார்ப் ஒலித்தால் 41 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கி, காது கூசும். நடுவில் இருமுறை சுருதி மாற்றப் பொறுமை இல்லையென்றால் வெர்க்மைஸ்டர் III என்ற வேறு சுருதி முறையை வையுங்கள். ஏ-ஃபிளாட்–சி இடைவெளி 408 சென்ட்டுக்கு விரியும், கொஞ்சம் உறுத்தும், ஆனால் ‘ஓநாய்’ என்று சொல்லப்படும் ஊளை போன்ற அபசுரம் எங்கும் வராது.

இரண்டாவதின் தொடக்க சொனாட்டாவில் (கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதியில்) 'இன் ட்ரெமுலோ', அதாவது நடுக்கத்தோடு, என்றிருக்கும். வேகமாக வில்லை முன்னும் பின்னும் உதறுவதல்ல அது. வில் ஒரே திசையில் போகட்டும், தந்தியை விட்டு எழும்பாமல் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் லேசாக அழுத்தம் மட்டும் கொடுங்கள். ஆர்கனின் ஒலியை நடுங்கவைக்கும் ட்ரெமுலன்ட் அமைப்பு போலக் கேட்க வேண்டும்.

லத்தீனை ஜெர்மானிய முறையில் உச்சரியுங்கள்: 'எச்சே' அல்ல 'எக்ட்ஸே', 'ப்ளாஜே' அல்ல 'ப்ளாகே'. இதை முதல் ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள். ஐந்து பேரில் ஒருவர் மாற்றிச் சொன்னாலும் அப்பட்டமாகக் கேட்கும்.