65,000 ரூபாய் கட்டுவதற்கு முன் வீட்டில் இருக்கும் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லுங்கள்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வெப் டிசைன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து ஊரில் ஒரு பயிற்சி மையம் 65,000 ரூபாய் கேட்கிறது, வேலைக்கு உத்தரவாதம் என்கிறது. வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் எதுவும் ஓடாது, புதிதாக வாங்குங்கள் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். தையல் கடை வருமானத்தில் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது, நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்க வேண்டாம் அம்மா. இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். அந்த மூன்று மாதத்தில் மகள் உங்கள் தையல் கடைக்கு ஒரு வெப்சைட் செய்யட்டும். அதைச் செய்து முடிக்கும்போது இந்த வேலை அவளுக்கு ஒத்துவருமா என்பது அவளுக்கும் தெரிந்துவிடும், உங்களுக்கும் தெரிந்துவிடும். கட்டணம் பற்றி அப்புறம் பேசலாம்.

முதலில் லேப்டாப். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 என்று மகள் குறிப்பு எழுதியிருக்கிறாள். வெப்சைட் எழுத இது போதும். வெப்சைட் எழுத இந்தத் துறையில் பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோட் மென்பொருள் இலவசம். அதற்கு 1 ஜிபி ரேம் போதும் என்று அதை வெளியிடும் மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அதுவும் திணறினால் நோட்பேட் பிளஸ் பிளஸ் இருக்கிறது, இன்னும் எடை குறைந்தது. லேப்டாப் மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டால் வேறு லேப்டாப் மாதிரி ஓடும். புது லேப்டாப் விலையில் இது ஒரு சிறு பங்குதான் ஆகும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 இந்த லேப்டாப்பில் ஏறாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்லுங்கள், அதுவும் இலவசம். போடுவதற்கு முன் குடும்பப் படங்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் பெரும்பாலான வெப் சர்வர்கள் (வெப்சைட்டுகளை வைத்திருந்து அனுப்பும் கணினிகள்) லினக்ஸில்தான் ஓடுகின்றன. அதனால் லினக்ஸில் கை பழகுவது அவளுக்கு லாபம்தான்.

இனி மகளிடம் நேராகவே சொல்கிறேன், இந்தப் பகுதியை அவளிடம் கொடுங்கள்.

அம்மா புதிதாக ஒரு கழுத்து டிசைன் தைக்கும் முன் செய்தித்தாளில் வெட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? உன் லேப்டாப்தான் உனக்கு அந்தச் செய்தித்தாள். இணைய இணைப்பே இல்லாமல், சர்வர் எதுவும் வாங்காமல், ஒரு ஃபோல்டருக்குள் முழு வெப்சைட்டையும் செய்து பார்க்கலாம். எத்தனை முறை கெடுத்தாலும் நஷ்டம் இல்லை.

ஒரு ஃபோல்டர் திற. அதற்குள் இண்டெக்ஸ் என்ற பெயரில் ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல். வெப் பக்கத்தின் அமைப்பை எழுதும் மொழிதான் ஹெச்டிஎம்எல். இங்கேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். நீ ஹெச்டிஎம்எல் என்று பெயர் கொடுத்ததாக நினைப்பாய், நோட்பேட் அதன் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டியிருக்கும். பிரவுசரில் திறந்தால் பக்கம் வராது, நீ எழுதிய கோடு (கணினிக்கான கட்டளை வரிகள்) அப்படியே எழுத்தாக வரும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடு. முதல் நாள் அழுகை பாதி குறையும்.

விஎஸ் கோடில் லைவ் சர்வர் என்ற கூடுதல் வசதியை (இதையும் எக்ஸ்டென்ஷன் என்றே சொல்வார்கள்) போட்டுக்கொள். ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் பிரவுசர். சேமித்தவுடன் மாற்றம் பிரவுசரில் தெரியும். குரோமில் எஃப்12 அழுத்தினால் பக்கத்தின் உள்பக்கம் திறக்கும். எந்த ஃபைல் வரவில்லை, எந்த வரியில் பிழை என்று சிவப்பில் காட்டும். அது திறந்திருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதே பக்கம் போனில் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். கடைக்கு வருகிறவர்கள் போனில்தான் பார்ப்பார்கள், ஆகவே போன் அளவில் சரியாக வந்த பிறகு பெரிய திரையைப் பற்றி யோசி.

ஃபைல் பெயர்கள் விஷயத்தில் கறாராக இரு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனை நேர்காணலுக்கு அனுப்பினேன். அவன் செய்த வெப்சைட் வீட்டில் அழகாகத் தெரிந்தது. அங்கே திறந்தபோது ஒரு படம்கூட வரவில்லை. காரணம் இரண்டு. சில படங்களுக்கு சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதையையும் எழுதியிருந்தான். அந்தப் பாதை அவன் வீட்டு லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற படங்களின் ஃபைல் பெயரில் பெரிய எழுத்தில் ஜேபிஜி, கோடில் சின்ன எழுத்தில் ஜேபிஜி. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் வேறு வேறாகத்தான் பார்க்கும். பையன் அங்கே நின்ற நிலையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எல்லாரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: எல்லாப் பெயரும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், சொற்களுக்கு நடுவே ஹைஃபன் (-) போட்டு. படங்களுக்கு வெப்சைட் ஃபோல்டருக்குள் ஒரு தனி ஃபோல்டர். கோடில் எழுதும் பாதை அந்தப் பட ஃபோல்டரின் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெப்சைட்டைத் தமிழில் செய். கடைக்கு வருகிறவர்கள் தமிழ் படிப்பவர்கள், உனக்கும் இதனால் ஒரு தனித் திறமை கிடைக்கும். ஹெச்டிஎம்எல் ஃபைலின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியில் யுடிஎஃப்-8 என்று எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் குப்பை எழுத்துகள் வரலாம். மொழி தமிழ் என்று குறிக்கும் வரியையும் சேர்த்தால், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருள் சரியாகப் படிக்கும். அம்மா நோட்டீஸ் அடித்த டிடிபி கடையிலிருந்து மேட்டரை வாங்கினால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கலாம். வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அதை எல்லாக் கருவிகளிலும் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. அதைவிட, தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகி நீயே தட்டச்சு செய்வது நல்லது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்துக்கொள். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் விடு, இல்லையென்றால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்ளும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு வடிவமைத்த பட்டனில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ அடங்காது, அதையும் பார்த்துக்கொள்.

படங்கள். போனில் எடுத்த ஒரு படம் 4 எம்பிகூட இருக்கும். இருபது பிளவுஸ் படம் அப்படியே போட்டால் 80 எம்பி. வாடிக்கையாளருக்கு டேட்டா தீரும், பக்கம் திறக்காது. ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவியில் போட்டு ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் கொண்டுவா. ஆரி வேலை செய்த பிளவுஸை ஹேங்கரில் மாட்டியோ பொம்மைக்குப் போட்டோ படம் எடு. வாடிக்கையாளர் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தை அவரைக் கேட்காமல் போடாதே. கூகுளில் தேடி எடுத்த அடுத்தவர் டிசைன் படமும் வேண்டாம். அம்மா தைக்காததை அம்மா கடையில் காட்டுவது பொய்யாகிவிடும்.

சரி, எங்கே படிப்பது? இந்தக் கலைக்கு அடித்தளமே இலவசமாகக் கிடைத்ததுதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் வேர்ல்டு வைட் வெப்புக்கான யோசனையை எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று யாரும் உரிமத்தொகை கட்டாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அதைப் பொதுவுக்கு விட்டது. கற்றுக்கொடுக்கும் இடங்களிலும் மிகச் சிறந்தவை இன்று இலவசம். ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார். சந்தேகம் வந்தால் வெப் மொழிகளை விளக்கும் எம்டிஎன் தளத்தின் பக்கங்களைப் பார். தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கணியம் தளத்தில் எளிய தமிழில் இலவச மின்னூல்கள் இருக்கின்றன. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் தமிழ் ஒலியும் உண்டு. இந்த நான்குக்கு மேல் எதையும் தேடாதே. வீடியோ பார்ப்பது கற்றுக்கொள்வது ஆகாது. பத்து நிமிடம் பார்த்தால் அரை மணி நேரம் கை வேலை செய்ய வேண்டும்.

முதல் மாதம் ஹெச்டிஎம்எல்லும், பக்கத்துக்கு நிறம், அளவு, அழகு தரும் சிஎஸ்எஸ்ஸும் மட்டும். இரண்டாம் மாதம், பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைத் தொடங்கு. பி.காம் படிக்கிறாயே, லைனிங், ஆரி, அவசர டெலிவரி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் மொத்தத் தொகை வரும்படி ஒரு சின்னக் கணக்கீட்டைப் பக்கத்தில் வை. இரண்டாம் மாதத்திலேயே, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைப் பழகி, அந்தக் கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்குத் திற. கிட்ஹப் பேஜஸ் வழியாக உன் வெப்சைட்டை இலவசமாக உலகத்துக்குக் காட்டலாம். பாஸ்வேர்டு எதையும் அங்கே ஏற்றிவிடாதே, இலவசக் கணக்கில் இதற்காக வைக்கும் ஃபைல்கள் எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் மாதம் எக்ஸ்ஆம்ப் என்ற மென்பொருளைப் போட்டு, உன் லேப்டாப்பையே சர்வராக்கி, வெப்சைட்டை எளிதாக அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் பழகு. உலக வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்கிற்கு மேல் வேர்ட்பிரஸில்தான் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் சிறு நிறுவனங்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

இனி மறுபடி உங்களிடம், அம்மா.

‘ஏஐயே வெப்சைட் போட்டுவிடுமாமே, இதைப் படித்து என்ன ஆகும்’ என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம். மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து பக்க வெப்சைட் மட்டும் செய்யத் தெரிந்தால் இனி அதை வைத்துப் பிழைப்பது கடினம். ஆனால் ஏஐ கொடுத்ததில் படம் ஏன் வரவில்லை, தமிழ் ஏன் உடைகிறது, கடைக்காரருக்கு உண்மையில் என்ன தேவை என்று கண்டுபிடிக்க அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும். முதல் மாதம் ஏஐயிடம் எழுதி வாங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அதன் பிறகு அவளே எழுதிவிட்டு, எங்கே தப்பு என்று விளக்கம் கேட்கட்டும். பட்டத்தை எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். ஜிஎஸ்டி, பில், இருப்புக் கணக்கு புரிந்த ஒரு பெண் வெப்சைட்டும் செய்வாள் என்றால் கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் அவள் மிகவும் தேவைப்படுவாள். கணினி மட்டும் படித்தவர்களுக்கு இது எளிதில் வராது.

பயிற்சி மையத்தை நான் குறை சொல்லவில்லை, சிலருக்கு ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் படிப்பு ஏறும். மூன்று மாதம் கழித்து மகளே கேட்டால் சேருங்கள். ஆனால் அதற்கு முன், அங்கே படித்தவர்கள் செய்த வெப்சைட்டுகளில் இப்போது இயங்குபவற்றைக் காட்டச் சொல்லுங்கள். பாடம் எடுக்கிறவரை நேரில் பாருங்கள். ‘வேலை உத்தரவாதம்’ என்றால் வேலையா, நேர்காணலுக்கு அனுப்புவது மட்டுமா, நடுவில் நின்றால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தவணை முறை என்று கையெழுத்துக் கேட்டால் நிதானமாகப் படியுங்கள். சில இடங்களில் அது மையத்துக்குக் கட்டும் தவணையாக இருக்காது, வேறொரு நிதி நிறுவனத்தின் கடனாக இருக்கும். மகள் படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது.

கடைக்குச் சொந்தப் பெயரில் டொமைன் (வெப்சைட்டின் முகவரி) வாங்கும் நாள் வந்தால், அது உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு கூட்டுவது வழக்கம், புதுப்பிக்கும் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இதற்கு அவசரம் இல்லை.

இன்று இரவு மகள் அந்த முதல் ஃபைலைத் திறந்து கடையின் பெயரைத் தமிழில் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று மாதம் முடிந்ததும் சுட்டியை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். என் போனில், மொபைல் டேட்டாவில்தான் திறப்பேன். ஆரி பிளவுஸ் படங்கள் எல்லாம் வருகின்றனவா என்று முதலில் பார்க்கிறேன்.