எலுமிச்சை அல்ல, சுண்ணாம்பு!

கே: சென்ற இதழில் ஒரு பாடகியைப் பற்றி, 'பத்து வருடங்களாக லைம்லைட்டில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தீர்கள். எலுமிச்சைக்கும் புகழுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்பாட்லைட் என்று திருத்தமாக எழுதக் கூடாதா? இல்லை, 'வெளிச்சத்தில் இருக்கிறார்' என்று நல்ல தமிழில்தான் எழுதினால் என்ன?

ப: ஒரே மூச்சில் மூன்று குட்டுகள். முதல் குட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன். அது பழம் அல்ல, சுண்ணாம்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெயர் 'லைம்'தான்.

சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து எரியும் தீயைப் பாய்ச்சினால், அது உருகாமல் கண் கூசும்படி வெள்ளையாக ஒளிரும். தாமஸ் டிரம்மண்ட் என்ற பொறியாளர் 1825-ல் அயர்லாந்தில் நிலம் அளக்க அதைப் பயன்படுத்தினார். ஒரு மலையில் ஏற்றிய விளக்கு, 66 மைல் தள்ளி இன்னொரு மலையில் தெரிந்ததாம். 1837-ல் லண்டன் கோவண்ட் கார்டன் அரங்கத்துக்குள் அது வந்துவிட்டது. மின்விளக்கு வரும்வரை மேடையில் அதன் ராஜ்ஜியம்தான்.

விளக்குக்கு ஓர் ஆள் வேண்டும். தீ ஒரே இடத்தில் பட்டால் கட்டியில் குழி விழும்; அவர் அதை மெல்லத் திருப்பிக்கொண்டே, வெளிச்சம் நாயகனை விட்டு நகராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாயகன் இடப்பக்கம் நகர்ந்தால் விளக்கும் இடப்பக்கம். பக்கத்தில் ஈட்டியோடு நிற்கும் சேவகன் அரை இருட்டில். 'ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு' என்பது நம் வழக்கு. மேடையில் மட்டும் சுண்ணாம்பு கிடைத்தவருக்கே யோகம்!

'இன் த லைம்லைட்' என்றால் பலர் கண்ணும் தன்மேல் இருக்கும் நிலை. (அந்த 'த'வை விழுங்கிவிட்டு எழுதுகிறவர்களுக்கு என் அனுதாபம்.) ஒதுங்கியே வாழ்கிறவர் லைம்லைட்டை 'ஷன்' செய்கிறார். கூட உழைத்தவர்களை மறைத்துக்கொண்டு எல்லாப் படத்திலும் முன்னால் நிற்பவர் 'ஹாக்' செய்கிறார். 'ஸ்டீல்' செய்வதற்கு, அதாவது திருடுவதற்கு, கெட்ட எண்ணம்கூட வேண்டாம். விருது வாங்கியவர் உருக்கமாக ஏற்புரை வாசிக்கிறார். அவருடைய மூன்று வயதுப் பேத்தி மேடையேறி, மைக்கைப் பிடித்து, "தாத்தா, மூச்சா வருது" என்கிறாள். முடிந்தது. மறுநாள் ஏற்புரையைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

ஸ்பாட்லைட்டும் பக்கத்துச் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் துருவிப் பார்க்கும் தொனி உண்டு. ஒரு துறையின் முறைகேடுகள்மேல் ஸ்பாட்லைட் அடிக்கலாம், லைம்லைட் அடிப்பதில்லை. பாடகியை நாங்கள் துருவவில்லை, பாராட்டினோம்.

மூன்றாவது குட்டுதான் ஆபத்தானது. தமிழில் எதெல்லாம் 'வெளிச்சத்துக்கு' வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்: ஊழல், மோசடி, கள்ளத் தொடர்பு. 'பத்து வருடங்களுக்கு முன் வெளிச்சத்துக்கு வந்த பாடகி' என்று அச்சடித்திருந்தால், இந்த வாரம் எனக்கு வந்திருப்பது உங்கள் கடிதம் அல்ல, அவருடைய வக்கீலின் கடிதம்.