பிளேட்லெட் 14,000, மருந்து வேண்டாம் என்கிறாரே மருத்துவர்?

கேள்வி: நான்கு வயது மகளுக்குச் சளிக்காய்ச்சல் விட்ட இரண்டு வாரத்தில், கால்களில் கடுகு தூவினாற்போல் சிவப்புப் புள்ளிகளும் கன்றிய நீலத் திட்டுகளும் வந்தன. பிளேட்லெட் 14,000. ஐ.டி.பி. (உடலின் எதிர்ப்பாற்றலே பிளேட்லெட்டுகளை அழிக்கும் நோய்) என்று சொன்ன மருத்துவர், மருந்தின்றிக் காத்திருக்கச் சொல்கிறார். உறவினர்கள் பிளேட்லெட் ஏற்றச் சொல்கிறார்கள்; மாமியார் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி, டெங்குக் காலத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேட்டே பயந்து பழகிய நமக்கு, ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது 14,000இல் நிற்கும்போது சும்மா இருப்பது அலட்சியமாகத்தான் தோன்றும். ஆனால் இந்நோயின் போக்கு வேறு. கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள்கள் ஆள் மாறித் தட்டணுக்களின் (பிளேட்லெட்டுகளின்) மேல் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. ஏற்றப்படும் தட்டணுக்களுக்கும் அதே கதிதான் என்பதால், உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவு இருந்தாலொழிய ஏற்றுவதில்லை. பப்பாளிச் சாறு இதைக் குணப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்றில்லை. மருத்துவர் வேண்டாம் என்றதாக மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

இரத்தக்கசிவு லேசாக உள்ள குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு தருவதைவிடக் கவனித்திருப்பதையே அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. ஏறக்குறைய நான்கில் மூன்று குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. ஓராண்டு தாண்டியும் நீடித்தால் எல்ட்ராம்போபேக் போன்ற மாத்திரைகள் உண்டு. சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் சரியாக உள்ளனவா, ஸ்மியர் (இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) பார்த்தாயிற்றா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் பல் துலக்கும்போது டார்ச் அடித்து, கன்னத்தின் உட்புறத்தையும் ஈறுகளையும் பாருங்கள். அங்கே கருஞ்சிவப்புக் கொப்புளம் தெரிந்தால், தோலில் உள்ள புள்ளிகளைவிட அதற்குத்தான் மதிப்புத் தர வேண்டும். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்கில் இரத்தம் வந்தால், உட்காரவைத்துத் தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் மிருதுவான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் நிற்காவிட்டாலோ, மலம் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, விடாத தலைவலியோ வாந்தியோ அசாதாரணத் தூக்கமோ இருந்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும்; ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை என்பதால், பாட்டில் லேபிளைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள். இடுப்பில் ஊசி வேண்டாம். கட்டிலிலிருந்து குதிக்கும் விளையாட்டும் இப்போதைக்கு வேண்டாம். பள்ளிக்கு அனுப்பலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் நோய்ச்சான்றின் நகலை ஆசிரியையிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். நீலத் திட்டுகளைக் கண்டு, வீட்டில் குழந்தையை அடிக்கிறார்களோ என்று அவர் நினைத்துவிடக்கூடும்.